காட்ஜில்லாவுக்கு அடுத்து எந்தப் படம்?

ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கடலிலிருந்து எழுந்து வரும் ராட்சசப் பிராணியைப் பற்றி ஜப்பானில் 1954இல் வந்த முதல் காட்ஜில்லா படத்தில் ஒரு சின்னக் காட்சி உண்டு. டோக்கியோ ரயிலில் மூன்று பயணிகள் செய்தித்தாளை வைத்துக்கொண்டு பேசிக்கொள்கிறார்கள். கதிர்வீச்சு பட்ட சூரை மீன், கதிரியக்க மழை, இதெல்லாம் போதாதென்று இப்போது காட்ஜில்லாவா என்று அலுத்துக்கொள்கிறாள் ஒரு பெண். நாகசாகியில் தப்பிப் பிழைத்து வந்த உயிர் இது என்கிறாள். திரும்பவும் ஊரைக் காலிசெய்ய வேண்டுமா என்று உடன் வந்த ஆண் சலித்துக்கொள்கிறான். அவ்வளவுதான், படம் வேறு இடத்துக்குப் போய்விடுகிறது.

சில வருடங்களுக்கு முன் நண்பர்கள் சேர்ந்து இந்தப் படத்தை ஒரு சிறிய அரங்கில் போட்டோம். படத்துக்குப் பிறகு ஹிரோஷிமா பற்றிய ஓர் ஆவணப்படம், அதற்குப் பிறகு கலந்துரையாடல் என்பது திட்டம். ரயில் காட்சியைப் பற்றி அறிமுக உரையில் விரிவாகச் சொல்லியிருந்தேன். படம் ஓடியது. அந்தக் காட்சி வரவே இல்லை. பதிலாக ஓர் அமெரிக்க நிருபர் வந்து கதை சொல்ல ஆரம்பித்தார். எங்கள் கைக்கு வந்திருந்தது 1956இல் அமெரிக்காவுக்காக வெட்டி ஒட்டப்பட்ட பிரதி. ரேமண்ட் பர் என்ற நடிகரைப் புதிதாகச் சேர்த்து, 96 நிமிடப் படத்தை 80 நிமிடமாகச் சுருக்கியிருந்தார்கள். நாகசாகிப் பெண் இல்லை. அணுகுண்டுச் சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு காட்ஜில்லா வரக்கூடும் என்று கிழ விஞ்ஞானி கடைசியில் சொல்வதும் இல்லை. உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்பதுபோல முடிந்தது.

அடுத்து ஆவணப்படம் ஓடியபோது அரங்கில் இருந்த குழப்பம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த இரண்டு படங்களையும் ஏன் சேர்த்துப் போட்டோம் என்று யாருக்கும் புரியவில்லை. ரப்பர் உடுப்புப் போட்ட ஒரு பிராணி கட்டடங்களை மிதித்ததற்கும், முதுகு முழுக்கத் தழும்பு உள்ள ஒரு முதியவர் பேசுவதற்கும் நடுவே பாலம் எதுவும் இல்லை. பாலமாக இருந்த இடங்களைத்தான் வெட்டியிருந்தார்கள்.

அன்றிலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் தீராத அக்கறை. திகில் படத்தை ஆவணப்படத்தோடும் சரித்திரப் படத்தோடும் சேர்த்துத் திரையிடும் வழக்கம் இப்போது பல ஊர்களிலும் இருக்கிறது. பேய்ப்படத்துக்கு ஒரு மதிப்பு தேடிக் கொடுக்கும் வேலையாகவே பலர் அதைப் பார்க்கிறார்கள். என் கணிப்பு வேறு. ஒரு திகில் படம் எதைக் கண்டு பயப்படுகிறது என்பதை அதற்கு முன்னும் பின்னும் ஓடும் படங்கள்தான் பார்வையாளருக்குக் காட்டிக் கொடுக்கின்றன. அதனால் எதை எதோடு சேர்ப்பது, எதை முதலில் போடுவது என்ற முடிவுகள் அற்பமானவை அல்ல. ஜப்பானிய அணுகுண்டுப் படங்களை வைத்தே இதைச் சொல்கிறேன். திகில், ஆவணம், சரித்திரம் மூன்றையும் ஒரே காலத்தில், சில இடங்களில் ஒரே ஆட்களே, எடுத்திருக்கிறார்கள்.

இந்தச் சேர்க்கை சினிமாவோடு பிறந்ததும் இல்லை. 1825இல் எடோ நகரத்தின் (இன்றைய டோக்கியோ) நகமுரா அரங்கில் 'யோத்சுயா கைதான்' என்ற கபுகி (ஜப்பானின் மரபு மேடைக்கலை) நாடகம் முதன்முதலாக மேடையேறியது. விஷத்தால் முகம் சிதைந்து, கணவனின் துரோகத்தால் செத்து, ஆவியாக வரும் ஓய்வா என்ற பெண்ணின் கதை. ஜப்பானின் பேய்க் கதைகளிலேயே மிகப் பிரபலமானது இதுதான். அதை எழுதிய நான்காம் சுருயா நன்போகு அதைத் தனியாக மேடையேற்றவில்லை. 47 சாமுராய்கள் தங்கள் பிரபுவின் சாவுக்குப் பழிவாங்கும் 'சூஷிங்குரா' என்ற புகழ்பெற்ற சரித்திர நாடகத்தோடு சேர்த்து இரண்டு நாள் நிகழ்ச்சியாகப் போட்டார்கள். ஒன்று முடிந்து இன்னொன்று என்றுகூட இல்லை. சரித்திர நாடகத்தில் சில அங்கங்கள், பிறகு பேய் நாடகத்தில் சில அங்கங்கள், மறுநாள் திரும்பவும் அதே மாதிரி என்று பின்னிவிட்டார்கள். ஓய்வாவின் சாவுக்குக் காரணமான கணவனும் அந்த 47 பேர் சேர்ந்திருந்த அதே பிரபுவின் ஆள்தான். ஆக, விசுவாசத்தின் பெருங்கதை ஒரு பக்கம் நடக்கும்போதே, அதே படையில் இருந்த ஒருவன் வீட்டுக்குள் என்ன செய்தான் என்று பேய் நாடகம் காட்டியது. சூஷிங்குராவை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த வீடு தெரியாது.

அந்த நாடகத்தில் ஓய்வா தலை வாரும் காட்சி ஒன்று உண்டு. சீப்பு இழுக்க இழுக்கத் தலைமுடி கொத்துக் கொத்தாக வந்துவிடும், ரத்தத்தோடு. இந்தக் காட்சியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து சில வாரங்களிலேயே நிப்பான் எய்காஷா என்ற செய்திப்பட நிறுவனத்தின் ஒளிப்பதிவாளர்கள் அங்கே போனார்கள், நாகசாகிக்கும் போனார்கள். நாகசாகியில் அவர்களில் ஒருவரை அமெரிக்க ராணுவப் போலீஸ் பிடித்து நிறுத்தியது. பிறகு அமெரிக்கர்களின் மேற்பார்வையிலேயே படத்தை முடிக்கச் சொன்னார்கள். 1946இல், ஏறக்குறைய 2 மணி 40 நிமிட நீளத்தில் படம் முடிந்தது. முடிந்ததும் மொத்தத்தையும் பறிமுதல் செய்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எடுத்தவர்களில் சிலர் ஒரு பிரதியைத் துணிந்து ஒளித்து வைத்தார்கள். அதிகாரபூர்வமாக ஒரு நகல் ஜப்பானுக்குத் திரும்பி வந்தது 1967இல்தான். நடுவே 21 வருடம்.

படத்தைப் பூட்டி வைத்ததோடு நிற்கவில்லை. அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத் தணிக்கை, அணுகுண்டால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுவதையும் அடக்கி வைத்திருந்தது. 1952 ஏப்ரலில் ஆக்கிரமிப்பு முடிந்தது. அந்த ஆகஸ்ட் 6 அன்று ஒரு படப் பத்திரிகை பாதிக்கப்பட்டவர்களின் புகைப்படங்களை வெளியிட்டபோதுதான், ஜப்பானியர்களில் பெரும்பாலோர் முதன்முறையாக அவற்றைப் பார்த்தார்கள். குண்டு விழுந்து சரியாக ஏழு வருடம்.

ஆவணம் பூட்டிக் கிடந்த இடத்துக்குத்தான் கதைப் படங்கள் வந்து சேர்ந்தன. அதே 1952 ஆகஸ்ட் 6 அன்று கனேதோ ஷிந்தோவின் 'ஹிரோஷிமாவின் குழந்தைகள்' வெளியானது. ஷிந்தோ ஹிரோஷிமாக்காரர். ஜப்பான் ஆசிரியர் சங்கத்தின் ஆதரவில் எடுத்த படம். ஒரு இளம் ஆசிரியை, தன்னிடம் படித்த குழந்தைகளில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று வீடு வீடாகத் தேடிப் போகிறாள். நொபுகோ ஒதோவா நடித்தார். சங்கத்துக்குப் படம் திருப்தியாக இல்லை. கண்ணீர் இருக்கிறது, கோபம் போதவில்லை என்று நினைத்தார்கள். அடுத்த வருடமே ஹிதேயோ செகிகவாவை வைத்து 'ஹிரோஷிமா' என்ற இன்னொரு படத்தை எடுத்தார்கள். நகரத்து மக்கள் சுமார் 90,000 பேர் அதில் கூட்டமாக நடித்தார்கள். குண்டிலிருந்து தப்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். எட்டு வருடங்களுக்கு முன் அதே ஆற்றங்கரையில் தங்களுக்கு நடந்ததைக் கேமரா முன் திரும்ப நடித்தார்கள். விநியோகிக்க இருந்த பெரிய நிறுவனம் அமெரிக்காவுக்கு எதிரான சில இடங்களை வெட்டச் சொன்னது. இவர்கள் மறுத்துவிட்டார்கள். படம் பெரிய அரங்குகளுக்குப் போகாமல் தானாகவே சிறிய வழிகளில் நடந்தது.

இந்த இரண்டு படத்துக்கும் இசை அகிரா இஃபுகுபே. மறுவருடம் காட்ஜில்லாவுக்கும் அவர்தான் இசை. போர்க்காலத்தில் மரங்களின் வலிமையை ஆராயும் வேலையில் பாதுகாப்பில்லாமல் கதிர்வீச்சுக்கு ஆளாகி உடம்பு கெட்டவர் அவர். கான்ட்ராபாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்து காட்ஜில்லாவின் அலறலை உண்டாக்கினார் என்ற தகவல் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிட முக்கியம், டோக்கியோ எரிந்து முடிந்த பிறகு வரும் இரங்கல் இசை. 'ஹிரோஷிமா'வைப் பார்த்துவிட்டு அதைக் கேளுங்கள். இரண்டும் ஒரே துக்கத்திலிருந்து எழுந்தவை என்று காதுக்கே தெரியும். வேறெந்த விளக்கமும் சொல்லாமல் இந்த இரண்டு படங்களை அடுத்தடுத்துப் போட்டாலே போதும், இசை தன் வேலையைச் செய்துவிடும்.

காட்ஜில்லா எடுக்கப்பட்ட வருடத்தில் ஜப்பானில் பயத்துக்கு வேறு காரணமும் இருந்தது. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகளில் ஒன்றான பிகினியில் அமெரிக்கா 'பிராவோ' என்ற ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. சுமார் 6 மெகாடன் இருக்கும் என்று எதிர்பார்த்தது 15 மெகாடனாக வெடித்தது, அதாவது ஹிரோஷிமா குண்டைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. அபாயப் பகுதி என்று அறிவித்த எல்லைக்கு வெளியே, சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, 'டாய்கோ ஃபுகுர்யு மாரு' என்ற சூரை மீன் படகு நின்றது. 'ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன்' என்று பெயருக்கு அர்த்தம். யாய்ஸு துறைமுகத்துப் படகு, 23 பேர். விடியும் முன் மேற்கே சூரியன் எழுந்ததுபோல் வெளிச்சம். சில மணி நேரம் கழித்து வெள்ளையாகச் சாம்பல் பொழிந்தது. பவளப் பாறை பொடியாகி, கதிரியக்கத்தோடு வானத்திலிருந்து இறங்கியது. மார்ச் 14 அன்று படகு கரைக்கு வந்தபோது மீனவர்களுக்கு முகம் கறுத்து, தோல் கொப்பளித்து, தலைமுடி உதிர ஆரம்பித்திருந்தது. வயர்லெஸ் ஆபரேட்டர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார், வயது 40.

அந்த வருடம் மட்டும் 856 படகுகளின் மீன்களில் கதிரியக்கம் கண்டு கொட்ட வேண்டி வந்தது, சுமார் 485 டன். டோக்கியோ மீன் சந்தையில் குழி தோண்டிப் புதைத்தார்கள். மழையிலும் கதிரியக்கம் இருப்பதாகச் செய்தி வந்தது. டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்துக் குடும்பப் பெண்கள் ஆரம்பித்த கையெழுத்து இயக்கத்துக்கு அடுத்த ஆகஸ்டுக்குள் 3 கோடிக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. குபோயாமா இறந்து ஆறு வாரம் கழித்து, நவம்பர் 3 அன்று காட்ஜில்லா வெளியானது. சுமார் 96 லட்சம் பேர் டிக்கெட் வாங்கினார்கள்.

படம் ஆரம்பிப்பதே கடலில் ஒரு சிறிய கப்பலில். வேலை முடிந்து மாலுமிகள் மேல்தளத்தில் உட்கார்ந்து பாட்டு வாசிக்கிறார்கள். திடீரென்று கடலில் ஒரு வெளிச்சம், எல்லோரும் ஓடி வந்து பார்க்கிறார்கள், கப்பல் எரிகிறது. 1954 நவம்பரில் ஜப்பானிய அரங்கில் உட்கார்ந்திருந்தவருக்கு அது எந்தப் படகு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இன்று நமக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. சேர்த்துத் திரையிடுவதன் தேவை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அன்றைய பார்வையாளர் அரங்குக்குள் வரும்போதே மனதில் கொண்டுவந்த செய்தித்தாளை, இன்றைய பார்வையாளருக்கு இன்னொரு படமாகக் கொடுக்கிறோம்.

சரி, அந்தப் படத்தை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?

முதலில் தகவலைக் கொடுத்துவிட்டுப் பிறகு கதையைக் காட்டுவதுதான் பலரும் செய்வது. ஆவணப்படம் முன்னால், திகில் படம் பின்னால். நான் அதை விரும்புவதில்லை. அப்படிப் போட்டால் காட்ஜில்லா ஒரு விடுகதையாகிவிடுகிறது. இது அந்தப் படகு, அது அந்தக் குண்டு என்று பார்வையாளர் டிக் அடித்துக்கொண்டே போகிறார். பயம் வருவதில்லை. பயம் வராவிட்டால் அந்தப் படத்தை எடுத்ததன் காரணமே போய்விடுகிறது.

திகில் படத்தை முதலில் போட்டால் நடப்பது வேறு. காட்ஜில்லாவில் மருத்துவமனைக் காட்சி ஒன்று உண்டு. தரையெல்லாம் காயம் பட்டவர்கள். ஒரு விஞ்ஞானி சின்னக் குழந்தை ஒன்றின் முன் கதிர்வீச்சை அளக்கும் கெய்கர் கருவியைப் பிடிக்கிறார். கருவி படபடவென்று அடிக்கிறது. அவர் பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார், இல்லை என்று. குழந்தைக்கு எதுவும் தெரியாது. பக்கத்தில் இன்னொரு சிறுமி, தூக்கிக்கொண்டு போகப்படும் தாயைப் பார்த்து அழுகிறாள். அதுவரை ரப்பர் உடுப்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் அந்த இடத்தில் சிரிப்பதில்லை. கொஞ்சம் முன்னால், எரியும் கின்சா கடைத்தெருவின் ஓரத்தில் ஒரு தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, அப்பா இருக்கும் இடத்துக்கே நாமும் போகப் போகிறோம் என்று சொல்வாள். போரில் கணவனை இழந்தவள் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். 1945 மார்ச் 10 அன்று ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் குண்டுவீச்சு நெருப்பில் செத்த நகரம் டோக்கியோ. ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது.

இதைப் பார்த்தபின் ஆவணப்படத்தில், கரைக்கு வந்த மீனவர் ஒருவரின் தலைமுடிக்குப் பக்கத்தில் அதே கருவியைப் பிடித்து அளக்கும் காட்சி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் எதையும் விளக்க வேண்டாம். பார்வையாளருக்கு அந்தச் சத்தம் ஏற்கனவே தெரியும். அவரே கண்டுபிடித்ததாக இருப்பதால் அது அவரோடேயே தங்கிவிடும்.

ஆனால் நேராகத் தாண்டிவிடக் கூடாது. நடுவில் சரித்திரப் படத்தைப் போடச் சொல்வேன். 1959இல் ஷிந்தோ அந்தப் படகின் கதையையே எடுத்தார். படகு புறப்படுவது, கடலில் நாட்கள், வெளிச்சம், சாம்பல், திரும்பி வருவது, ஆஸ்பத்திரி, குபோயாமாவின் சாவு. பேய் இல்லை, பிரம்மாண்டம் இல்லை. முதல் பாதியில் மீன் பிடிக்கும் வேலையையே பொறுமையாகக் காட்டுகிறார். குபோயாமாவாக ஜூகிச்சி உனோ, மனைவியாக ஒதோவா. காட்ஜில்லாவில் பெயரில்லாமல் எரிந்துபோன மாலுமிகளுக்கு இங்கே வீடு இருக்கிறது, குழந்தைகள் இருக்கிறார்கள். திகில் படம் கூட்டத்தைக் காட்டும். ஆவணம் உடம்பைக் காட்டும். வீட்டுக்குள் கூட்டிப்போவது பெரும்பாலும் சரித்திரப் படம்தான்.

சரித்திரப் படம் தவிர்த்துவிட்டுப் போகும் இடங்களுக்கும் பக்கத்துப் படம் தேவைப்படுகிறது. அணுகுண்டை உருவாக்கிய விஞ்ஞானியைப் பற்றிய 'ஓப்பன்ஹைமர்' அமெரிக்காவில் 2023 ஜூலையில் வெளியானது. ஜப்பானில் அது வந்தது எட்டு மாதம் தாண்டி, 2024 மார்ச் 29 அன்று. அதற்கு முன் ஹிரோஷிமாவில் ஒரு முன்னோட்டத் திரையிடல் நடந்தது. முன்னாள் மேயர் தகாஷி ஹிராஓகா அங்கே பேசும்போது, அணு ஆயுதத்தின் கொடூரம் படத்தில் போதுமான அளவு காட்டப்படவில்லை என்றார். அந்தப் படத்தில் ஒரு காட்சியில் ஹிரோஷிமாவின் படங்களை விஞ்ஞானிகளுக்குத் திரையிட்டுக் காட்டுகிறார்கள். கேமரா திரையின் பக்கம் திரும்பவில்லை, நாயகனின் முகத்திலேயே நிற்கிறது. அவர் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார். பூட்டி வைத்திருந்த அந்த 1946 ஆவணப்படம், ஏறக்குறைய அதே காலத்தில் எடுத்தது, அவர் பார்க்காமல் விட்ட பக்கத்தை 2 மணி 40 நிமிடம் பார்க்கிறது. ஒன்று சொல்ல வேண்டும்: அந்த ஆவணம் மனதை உருக்கும் படம் இல்லை. ஆங்கில வர்ணனையில், அளந்து அளந்து, வெப்பம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, பாலத்தின் மேல் நிழல் எந்தக் கோணத்தில் பதிந்தது என்று ஆய்வறிக்கைபோலப் போகும். முழுதாகப் போட்டால் அரங்கு காலியாகிவிடும். இருபது நிமிடப் பகுதி போதும். அந்தக் குளிர்ச்சியைக் கண்ட பிறகு, எந்த உணர்ச்சிக்கு 'ஹிரோஷிமா'வும் காட்ஜில்லாவும் இடம் தேடின என்பது விளங்கும்.

இனி, இந்தச் சேர்க்கையில் எனக்கு மிகவும் பயமான இடம். முகம்.

ஓய்வாவின் உதிரும் முடியை மனதில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஜப்பானின் பேய் மரபில் சிதைந்த முகமும் உதிர்ந்த கூந்தலும் நூறு வருடத்துக்கும் மேலாகப் பயத்தின் அடையாளம். 1945 ஆகஸ்டுக்குப் பிறகு, அதே அடையாளங்களோடு உயிருள்ள மனிதர்கள் தெருவில் நடந்தார்கள். கதிர்வீச்சால் முடி கொட்டியவர்கள், தீக்காயம் தடித்துத் தழும்பானவர்கள். கல்யாணத்துக்கும் வேலைக்கும் அவர்களை ஒதுக்கினார்கள். திகில் படத்துக்கு அடுத்து அவர்கள் இருக்கும் ஆவணத்தைப் போடும்போது, பேயைப் பார்த்த கண்ணாலேயே அவர்களையும் பார்க்கும் ஆபத்து இருக்கிறது.

இது நடந்தும் இருக்கிறது. 1967இல் 'அல்ட்ராசெவன்' என்ற குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரில், ஆயுதச் சோதனையால் ரத்தம் கெட்டுப்போன வேற்றுக்கிரகவாசிகள் மனித ரத்தம் தேடி வரும் கதை ஒன்று வந்தது. 1970இல் ஒரு சிறுவர் இதழ், அந்தப் பாத்திரத்துக்கு அணுகுண்டில் பாதிக்கப்பட்டவர்களைக் குறிக்கும் அதே சொல்லைப் போட்டு, 'ஹிபாகு' வேற்றுக்கிரகவாசி என்று அச்சடித்தது. தப்பிப் பிழைத்தவர்களின் அமைப்புகள் கொதித்து எழுந்தன. தயாரிப்பு நிறுவனம் அந்தப் பகுதியை விலக்கிக்கொண்டது. இன்றுவரை அது திரும்ப வெளியாகவில்லை. அந்தக் கோபத்தை நான் முழுதாக ஏற்கிறேன். தன் நோயின் பெயரை ஒரு ராட்சசனுக்குச் சூட்டியதைப் பிள்ளைகள் படிக்கும் இதழில் பார்த்தால் எப்படி இருக்கும்?

ஆனால் இந்த முகத்தைக் கையில் எடுத்து, பார்க்கிறவரின் பக்கம் திருப்பிய ஒரு படமும் உண்டு. அதே ஷிந்தோ, அதே ஒதோவா, 1964, 'ஒனிபாபா'. 14ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போர். ஆளுயரப் புல்வெளியில் ஒரு மாமியாரும் மருமகளும் வழிதவறிய சாமுராய்களைக் கொன்று, கவசத்தை விற்று, பிணத்தைக் குழியில் தள்ளி வயிறு கழுவுகிறார்கள். மருமகளைப் பயமுறுத்த மாமியார் ஒரு பேய் முகமூடியை மாட்டிக்கொள்கிறாள். மழையில் நனைந்து முகமூடி ஒட்டிக்கொள்கிறது, கழற்ற வரவில்லை. மருமகள் சுத்தியலால் அடித்து உடைக்கிறாள். உள்ளே இருந்த முகம் வெந்து புண்ணாகி இருக்கிறது. அந்த ஒப்பனைக்கு ஹிரோஷிமாவில் பாதிக்கப்பட்டவர்களின் புகைப்படங்களை மாதிரியாக வைத்துக்கொண்டதாக ஷிந்தோவே சொல்லியிருக்கிறார். மருமகள் அலறி ஓடுகிறாள். மாமியார் பின்னாலேயே ஓடி வருகிறாள், நான் பேய் இல்லை, மனுஷி, மனுஷி என்று கத்திக்கொண்டு.

'ஹிரோஷிமாவின் குழந்தைகள்' படத்தில் பிள்ளைகளைத் தேடிப் போன ஆசிரியையும் இந்த மாமியாரும் ஒரே நடிகை. நடுவே 12 வருடம். இந்த இரண்டு படங்களையும் ஒரு மாலையில் போட வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. 1952இல் ஒதோவாவின் முகம் மற்றவர்களின் தழும்புகளைப் பார்த்துக் கலங்குகிறது. 1964இல் அந்த முகமே தழும்பாகி, என்னை மனுஷியாகப் பார் என்று கேட்கிறது. போர்க்காலத்தில் கடற்படையில் ஷிந்தோவோடு சேர்ந்த 100 பேரில் உயிர் பிழைத்தது 6 பேர் என்பதையும் சொல்லிவிட்டுப் படத்தைப் போடலாம். புல்வெளியில் வழிதவறி வரும் சிப்பாய்கள் வேறு மாதிரி தெரிவார்கள்.

ஆகவே எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடுகள் சில. உயிர் பிழைத்தவர் ஒருவர் திரையில் பேசி முடித்த பிறகு, அதே மாலையில் திகில் படம் ஓடக் கூடாது. திகில் படத்துக்கும் அவருக்கும் நடுவே விளக்கைப் போட்டு, அரை மணி நேரமாவது விட வேண்டும், டீ குடிக்க, வெளியே நின்று பேச. போஸ்டரில் ராட்சசனையும் நிஜத் தழும்பையும் ஒன்றாக ஒட்டக் கூடாது. 'ஓப்பன்ஹைமர்' ஓடியபோது டோக்கியோவில் சில அரங்குகள் வாசலிலேயே, குண்டு வெடிப்புக் காட்சிகள் வருகின்றன என்று எழுதி வைத்தன. அது நல்ல வழக்கம். அப்புறம், எந்தப் பிரதி ஓடப்போகிறது என்பதை முதல் நாளே கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

நாள் எது என்பதிலும் ஒரு யோசனை உண்டு. ஜப்பானில் கோடைக்காலம்தான் பேய்க் கதைகளின் பருவம். இறந்தவர்கள் வீடு திரும்புவதாக நம்பும் ஒபோன் பண்டிகை பல ஊர்களில் ஆகஸ்ட் நடுவில் வருகிறது. கபுகியிலும் சினிமாவிலும் பேய்களை அந்தப் பருவத்தில் இறக்குவது பழைய பழக்கம். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த ஆகஸ்ட் 6, நாகசாகியில் விழுந்த 9, ஜப்பான் சரணடைந்த 15 மூன்றும் அதே மாதத்தில். ஒரே வாரத்தில் ஒரு அரங்கில் ஆவியும் இன்னொன்றில் அணுகுண்டுப் படமும் ஓடுவதில் அவர்களுக்கு வியப்பு எதுவும் இல்லை. வெளியூரில் இதைச் செய்கிறவர்களும் ஆகஸ்டையே எடுத்துக்கொள்கிறார்கள்.

காட்ஜில்லாவை வைத்துச் செய்வதானால் நான் மார்ச் 1ஐத் தேர்ந்தெடுப்பேன். பிராவோ வெடித்த நாள். யாய்ஸுவில் ஒவ்வொரு வருடமும் அன்று குபோயாமாவின் கல்லறைக்கு ஊர்வலமாகப் போகிறார்கள். மாலையில் காட்ஜில்லா, இடைவேளை, ஷிந்தோவின் படகுப் படம். மறுநாள் இரண்டு ஆவணங்கள். ஒன்று, ஹிதேயாகி இதோ 2012இல் எடுத்த 'கதிர்வீச்சு பட்டு எக்ஸ் வருடங்களுக்குப் பிறகு'. எல்லோரும் ஒரு படகையே பேசிக்கொண்டிருக்க, மற்ற நூற்றுக்கணக்கான படகுகளின் மீனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்ட படம். மீன்களைச் சோதிப்பதை ஜப்பான் அரசு 1954 டிசம்பரோடு நிறுத்தியது. அடுத்த மாதமே அமெரிக்கா 20 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது. 1985 முதல் கோச்சி மாவட்டத்துப் பள்ளி மாணவர்கள் மீனவர் வீடுகளுக்குப் போய் விசாரிக்க ஆரம்பித்ததிலிருந்துதான் மற்றவர்களின் கதை வெளியே வந்தது.

இரண்டாவது, டென்னிஸ் ஓரூர்க் 1985இல் எடுத்த 'ஹாஃப் லைஃப்'. மார்ஷல் தீவுகளைப் பற்றியது. பிராவோவின் சாம்பல் படகின் மேல் மட்டும் விழவில்லை. ரொங்கேலாப் தீவில் மக்கள் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அவர்களை அங்கிருந்து ஏற்றிப் போனார்கள். 1957இல் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். நோயோடு வாழ்ந்து, 1985இல் அவர்களே தீவை விட்டுக் கிளம்பினார்கள். மார்ச் 1 அவர்களுக்கும் நினைவு நாள்தான். காட்ஜில்லாவைப் பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். அது எழுந்து வரும் கடலில் தீவு உண்டு, கோயில் உண்டு, மீனவர்கள் உண்டு, எல்லோரும் ஜப்பானியர்கள். ரொங்கேலாப் என்ற பெயர் அந்த 96 நிமிடத்தில் ஒரு தடவைகூட வருவதில்லை. கடைசி இடத்தை 'ஹாஃப் லைஃப்' படத்துக்கு வைத்திருப்பது அதனால்தான்.